நின்றது இதயமா, நாடியா?

உங்கள் இடக்கை மணிக்கட்டில், கட்டை விரலுக்குக் கீழே, வலக்கையின் மூன்று விரல்களை மெல்ல வைத்துப் பாருங்கள். குருதிக் குழாய் ஒன்று விட்டுவிட்டுத் துடிப்பதை உணர்வீர்கள். அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது அது நிமிடத்திற்கு ஏறக்குறைய 70 தடவை துடிக்கும். இப்பொழுது அந்தத் துடிப்பை நிற்கும்படி மனத்துக்குள் கட்டளையிடுங்கள். என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை அல்லவா?

கையை உயர்த்த வேண்டும் என்று எண்ணினால் கை உயர்கிறது. காலை நீட்ட எண்ணினால் கால் நீள்கிறது. ஆனால் இதயமும் இரைப்பையும் நம்முடைய கட்டளைக்குக் காத்திருப்பதில்லை. ஆகவேதான் பாடநூல்களில் தசைகளை இச்சைக்கு உட்பட்டவை என்றும் உட்படாதவை என்றும் பிரித்து எழுதுகிறோம். உள்ளுறுப்புகளை இயக்கும் நரம்பு மண்டலத்துக்குத் 'தானியங்கு நரம்பு மண்டலம்' என்று பெயரிட்டவர் ஆங்கில உடலியல் அறிஞர் லாங்லி. அது 1898ஆம் ஆண்டு.

இந்தியாவிலோ இந்தப் பிரிவினையை ஒப்புக்கொள்ளாத ஒரு கூட்டத்தார் நெடுங்காலமாக இருந்து வந்தனர். "மனத்தை அடக்கியவனுக்கு இதயமும் அடங்கும்" என்றனர் அவர்கள். இது உண்மையானால் பாடநூலைத் திருத்த வேண்டும். உண்மையில்லை என்றால் அந்த நம்பிக்கையைத் திருத்த வேண்டும். எதைத் திருத்துவது என்று முடிவு செய்ய ஆய்வுக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டவர்களின் கதையை இங்கே பார்ப்போம்.

பதஞ்சலி வகுத்த வழி

முதலில் யோகம் என்பது என்ன? இன்று பலரும் யோகம் என்றவுடன் உடலை வளைத்துச் செய்யும் ஆசனங்களையே நினைக்கின்றனர். பதஞ்சலி இயற்றிய யோக சூத்திரத்தைப் புரட்டினால் நமக்கு வியப்புத்தான் ஏற்படும். ஏறக்குறைய 195 சூத்திரங்கள் கொண்ட அந்நூலில் ஆசனத்தைப் பற்றிப் பேசுபவை மூன்றே மூன்று! அவற்றிலும் எந்த ஆசனத்தின் பெயரும் இல்லை. அசையாமலும் இன்பமாகவும் உட்கார முடிந்தால் போதும் என்பதே அவற்றின் கருத்து. இந்நூல் கி.பி. நான்காம் அல்லது ஐந்தாம் நூற்றாண்டில் உருப்பெற்றது என்று இன்றைய ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர்.

பதஞ்சலியின் நாட்டமெல்லாம் மனத்தின் மீதுதான். மனத்தில் ஓயாமல் எழும் அலைகளை அடங்கச் செய்வதே யோகம் என்று அவர் வரையறுக்கிறார். அந்த அலைகளை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்: சரியான அறிவு, தவறான அறிவு, வெறும் சொல்லைக் கொண்டு எழும் கற்பனை, உறக்கம், நினைவு. தவறான அறிவை மட்டுமன்றிச் சரியான அறிவையும், ஏன், உறக்கத்தையும்கூட மனத்தின் அலை என்று அவர் கணக்கிட்டிருப்பதைக் கவனியுங்கள். ஆகவே யோகி நாடும் அமைதி என்பது தூங்கிவிடுவது அன்று.

இவ்வலைகளை அடக்க அவர் கூறும் வழிகள் இரண்டு: இடைவிடாத பயிற்சி, பற்றின்மை. பயிற்சியை எட்டுப் படிகளாக அமைத்தார். பிறரிடம் நடந்துகொள்ளும் முறை, தனக்குத் தானே விதித்துக்கொள்ளும் ஒழுங்கு, இருக்கை, மூச்சை ஒழுங்கு செய்தல், புலன்களை உள்ளிழுத்தல், ஒன்றில் மனத்தை நிறுத்துதல், தியானம், சமாதி என்பவை அவை. இந்த எட்டு உறுப்பு யோகம் தமிழுக்கும் புதியதன்று. திருமூலரின் திருமந்திரத்தில் மூன்றாம் தந்திரம் இதனை விரித்துரைக்கிறது.

இந்த அமைப்புக்குப் பின்னால் ஒரு தத்துவம் இருக்கிறது. யோகம் சாங்கியக் கொள்கையை அடியொற்றியது. சாங்கியத்தின்படி மனமும் இயற்கைப் பொருளின் ஒரு விளைவே. மண்ணையும் நீரையும் போல அதுவும் மாற்றத்துக்கு உட்பட்டது. மனத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் உணர்வு வேறு, மனம் வேறு. மனம் ஒரு பொருள் என்றால், பொருளைப் பயிற்சியால் பண்படுத்தலாம் அல்லவா? அதுமட்டுமன்று, உடலின் வழியாக மனத்தைத் தொடவும் முடியும். மூச்சு அசைந்தால் மனம் அசையும், மூச்சு நின்றால் மனம் நிற்கும் என்ற கருத்து, பதினைந்தாம் நூற்றாண்டில் தோன்றிய அடயோக நூல்களில் மேலும் வலுப்பெற்றது. இதயத்தையும் மூச்சையும் நிறுத்தும் வித்தைகள் பற்றிய பேச்சு பரவியதற்கு இந்த அடயோகமே பெரிதும் காரணம்.

புதையுண்ட யோகி

1837ஆம் ஆண்டில் லாகூரில், மன்னர் ரஞ்சித் சிங்கின் அரசவையில், ஒரு யோகியை நாற்பது நாட்கள் மண்ணறையில் பூட்டி வைத்து உயிருடன் வெளியே எடுத்ததாகச் செய்தி பரவியது. அங்கிருந்த ஆங்கில அதிகாரி ஒருவரும் அதைப் பற்றி எழுதினார். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகர மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு இத்தகைய செய்திகளைத் திரட்டி 1850இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 'ஹிப்னாட்டிசம்' என்ற சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தவர் இவரே. குளிர்காலம் முழுவதும் உறங்கும் விலங்குகளைப் போல மனிதனும் உறங்க முடியுமோ என்பது அவருடைய ஐயம். மறு ஆண்டே காசியில் என். சி. பால் என்ற வங்காள மருத்துவர், மேலை மருத்துவக் கண்ணோட்டத்தில் யோகத்தை ஆராயும் நூல் ஒன்றை எழுதினார்.

ஆனால் இவையெல்லாம் கேட்டதும் கண்டதும் மட்டுமே. அளந்தவை அல்ல. மண்ணறைக்குள் என்ன நடந்தது என்பதைப் பதிவு செய்ய அன்று கருவி ஏது?

லோனாவ்லாவில் ஒரு சோதனைச்சாலை

அளக்கும் வேலையைத் தொடங்கியவர் ஒரு யோகியே! ஜெகந்நாத் கணேஷ் குணே என்ற இயற்பெயர் கொண்ட சுவாமி குவலயானந்தர், பரோடாவில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்-கதிர்க் கருவியின் துணைகொண்டு சில யோகப் பயிற்சிகளைச் சோதித்தார். பிறகு 1924ஆம் ஆண்டில், பம்பாய்க்கும் புனேக்கும் இடையே உள்ள லோனாவ்லாவில் 'கைவல்யதாமம்' என்ற நிலையத்தை நிறுவினார். அதே ஆண்டில் 'யோக மீமாம்சை' என்ற இதழையும் தொடங்கினார்.

வயிற்றுத் தசைகளைத் தனியே திரட்டிச் சுழற்றும் 'நௌலி' என்ற பயிற்சியின்போது உடலினுள் என்ன நிகழ்கிறது என்று அவர் ஆராய்ந்தார். பெருங்குடலினுள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்து விடுவதை அழுத்தமானி காட்டியது. யோகிகள் குடலுக்குள் நீரை உறிஞ்சியது மந்திரத்தால் அன்று, காற்றழுத்த வேறுபாட்டால் என்பது இதனால் விளங்கியது. விளக்கம் எளியதுதான். ஆனால் அது கற்பித்த பாடம் பெரியது: வியந்து நிற்பதைக் காட்டிலும் அளந்து பார்ப்பது மேல்.

1935: ஒரு விந்தைப் பதிவு

1935இல் பிரான்சு நாட்டு இதய மருத்துவர் தெரேஸ் பிராஸ் அம்மையார் இந்தியாவுக்கு வந்தார். எடுத்துச் செல்லத்தக்க இதய மின்வரைவி ஒன்றை அவர் கூடவே கொண்டுவந்தார். இதயம் துடிக்கும்போது தோன்றும் மிகச் சிறிய மின்னோட்டத்தைத் தாளில் கோடாக வரைந்து காட்டும் கருவி அது. யோகிகளின் நாடி, மூச்சு, இதய மின்னோட்டம் மூன்றையும் ஒரே நேரத்தில் அவர் பதிவு செய்தார். பதிவுகள் மறு ஆண்டு பாரிசில் ஒரு மருத்துவ இதழில் வெளியாயின.

அவற்றுள் ஒரு பதிவு படித்தவர்களைத் திடுக்கிடச் செய்தது. சில விநாடிகளுக்கு நாடி அலையும் இதய மின்னலையும் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டன! அந்த யோகி, அப்போது மைசூரில் யோகம் கற்பித்து வந்த கிருஷ்ணமாச்சாரியார். பின்னர்ச் சென்னையில் குடியேறி, நூறு வயது வாழ்ந்து 1989இல் மறைந்தவர் இவர்.

'மனிதன் தன் இதயத்தை நிறுத்தினான்' என்ற செய்தி நூலுக்கு நூல் தாவியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதை மறுபடி சோதித்துப் பார்க்க எவரும் முன்வரவில்லை.

1957: மீண்டும் ஒரு சோதனை

1957இல் அமெரிக்காவிலிருந்து இருவர் வந்தனர். ஒருவர் கலிபோர்னியாவின் உளவியல் பேராசிரியர் வெங்கர். மற்றவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மூளை மின்வரைவுத் துறையில் பணியாற்றிய பி. கே. பாக்சி. அவர்களுடன் சேர்ந்து கொண்டவர் புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் உடலியல் பேராசிரியர் பி. கே. ஆனந்த். பசியைத் தூண்டும் மையம் மூளையின் அடிப்பகுதியில் எங்கே இருக்கிறது என்பதை 1951இல் அமெரிக்காவில் கண்டறிந்து புகழ் பெற்றவர் அவர். உடலின் தானியங்கு வேலைகளை மூளை எப்படி ஆள்கிறது என்பதில் அவருக்கு இயல்பாகவே ஆர்வம் இருந்தது.

இதயத்தையோ நாடியையோ நிறுத்த முடியும், அல்லது மெதுவாக்க முடியும் என்று கூறிய நால்வரை இக்குழு சோதித்தது. பிராஸ் அம்மையார் சோதித்த கிருஷ்ணமாச்சாரியாரும் அவர்களுள் ஒருவர். இப்பொழுது அவர் முதியவராகி இருந்தார். ஆயினும் சோதனைக்கு இசைந்தார். முடிவுகள் 1961இல் வெளிவந்தன.

நால்வரில் மூவர் கையாண்ட முறை ஒன்றே. அவர்கள் மூச்சை உள்ளிழுத்துக் குரல்வளையை அடைத்துக்கொண்டு, வயிற்றுத் தசைகளையும் மார்புத் தசைகளையும் கடுமையாக இறுக்கினர். ஸ்டெதாஸ்கோப்பில் இதய ஒலி மங்கியது அல்லது மறைந்தது. மணிக்கட்டில் நாடி கைக்கு எட்டவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இதயம் நின்றுவிட்டது என்றே சொல்லியிருப்பார்கள். ஆனால் மின்வரைவியின் முள் தன்பாட்டுக்குத் துடிப்பை வரைந்துகொண்டே இருந்தது! விரல் நுனியில் பொருத்திய நுட்பமான கருவியும் மிகச் சிறிய நாடி அலைகளைக் காட்டிக்கொண்டிருந்தது. இதயம் நிற்கவே இல்லை.

மறைந்த நாடியின் மருமம்

அப்படியானால் நாடி எங்கே போயிற்று? இதயம் ஓர் இறைப்பி. தன்னிடம் வந்து சேரும் குருதியைத்தான் அதனால் வெளியே தள்ள முடியும். மூச்சை அடைத்து மார்பை இறுக்கும்போது மார்புக் கூட்டினுள் அழுத்தம் ஏறுகிறது. மெல்லிய சுவர்களை உடைய பெருஞ்சிரைகள் நசுங்குகின்றன. இதயத்துக்குத் திரும்பி வரும் குருதி குறைகிறது. வரவு குறைந்தால் செலவும் குறையத்தானே வேண்டும்? ஆகவே ஒவ்வொரு துடிப்பிலும் மிகக் கொஞ்சமான குருதியே தமனிக்குள் போகிறது. மணிக்கட்டில் நாடி மறைகிறது. இறுகிய தசைகளின் இரைச்சலில் இதய ஒலியும் அமுங்கிப் போகிறது. மூச்சடைத்து முக்கும் இச்செயலை மருத்துவர்கள் 'வல்சால்வா முறை' என்பர். வல்சால்வா என்பவர் 300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இத்தாலிய உடற்கூறு அறிஞர்.

1935இன் பதிவுக்கும் இதே குழு விளக்கம் தேடியது. மூச்சை அடக்கும்போது இதயம் மார்பினுள் சற்றுத் திரும்புகிறது. அப்போது ஓரிடத்து இணைப்பில் மின்னலை மிகச் சிறுத்துத் தோன்றலாம். மற்ற இணைப்புகளில் அது தெளிவாகவே இருக்கும். ஒரே இணைப்பை நம்பி முடிவு கட்டக் கூடாது.

(வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். குருதி வரத்துக் குறைந்தால் மூளைக்கும் குறையும், மயக்கம் வரும். இதய நோயாளிகளுக்குப் பெருந்தீங்கு நேரலாம்.)

இத்தோடு கதை முடிந்திருந்தால் 'எல்லாம் புரட்டு' என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் நான்காவது யோகி இருக்கிறாரே! அவர் வேறொரு முறையால் தம் இதயத் துடிப்பை உண்மையாகவே வெகுவாகக் குறைத்துக் காட்டினார். மனம் இதயத்துக்கு நேரடியாகக் கட்டளையிட்டதாக ஆய்வாளர்கள் சொல்லவில்லை. இச்சைக்கு உட்பட்ட தசைகளின் மூலமாகவே இதுவும் நிகழ்ந்திருக்க வேண்டும் என்று கருதினர். அதாவது முன்வாசல் பூட்டியிருந்தாலும் வீட்டுக்குள் நுழையப் பக்கவாசல் ஒன்று இருக்கிறது.

இதற்குப் பின் வேறு சில சோதனைகளும் நடந்தன. 1970இல் அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் சுவாமி ராமா என்பவர் 'இதயத்தை நிறுத்துகிறேன்' என்றார். கருவி காட்டியதோ 17 விநாடிகளுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 என்ற வேகத்தில் இதயம் படபடத்ததை! அவ்வளவு விரைவில் இதய அறைகள் நிரம்ப நேரமில்லை. ஆகவே நாடி மறைந்தது. 1973இல் உதயப்பூர் மருத்துவர்கள், குழிக்குள் எட்டு நாட்கள் இருந்த ஒரு யோகியின் இதய மின்வரைவு பல நாட்கள் வெறும் கோடாக இருந்ததாக வெளியிட்டனர். இணைப்புக் கழன்றிருக்குமோ என்ற ஐயத்தை அவர்களே எழுப்பி ஆராய்ந்தனர், விடை கிடைக்கவில்லை. ஒருவரிடம் ஒரு தடவை கண்டதை அறிவியல் குறித்து வைத்துக்கொள்ளும். அதன்மேல் கட்டடம் எழுப்பாது.

மூளையின் அலைகள்

இதயத்தை விட்டுவிட்டு மனத்தின் இருப்பிடமாகிய மூளையையே ஆராய்ந்தால் என்ன? ஜெர்மானியர் ஹன்ஸ் பெர்கர் 1929இல் மனித மூளையின் மின்னலைகளைப் பற்றி வெளியிட்டார். கண்ணை மூடி ஓய்ந்திருக்கும்போது விநாடிக்கு 8 முதல் 13 வரையான 'ஆல்பா' அலைகள் தோன்றும். திடீரென ஓர் ஓசை கேட்டால் அவை கலைந்துவிடும்.

ஆனந்தும் துணைவர்களும் 1961இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதைப் பற்றியது. நான்கு யோகிகள் தியானத்தில் இருந்தபோது ஆல்பா அலைகள் நிலைத்து நின்றன. பளிச்சென்ற ஒளி, பேரோசை, சூடான கண்ணாடிக் குழாயின் தீண்டல் ஆகியவற்றால் இருவரைச் சோதித்தனர். தியானத்தில் இல்லாதபோது அவர்களுடைய அலைகள் எல்லாரையும் போலவே கலைந்தன. தியானத்திலோ கலையவில்லை. வேறு இருவர் 4 பாகை செல்சியஸ் குளிர்ந்த நீரில் கையை 45 நிமிடங்களுக்கு மேல் வைத்திருந்தபோதும் ஆல்பா அலைகள் தொடர்ந்தன. புலன்களை உள்ளிழுத்தல் என்ற ஐந்தாம் படியை முதன்முதலாகத் தாளில் கண்டது போல் இருந்தது.

1966இல் ஜப்பானில் கசமட்சு, ஹிராய் என்ற இருவர் ஜென் துறவிகளிடம் நேர்மாறான ஒன்றைக் கண்டனர். ஒரே ஓசையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் நமக்குப் பழகிப் போகும். ஜென் துறவிகளின் மூளையோ ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பது போலவே விழித்துக்கொண்டது. உலகை மறப்பது யோகம், உலகை விடாமல் கவனிப்பது ஜென் என்று இதற்கு அழகாக விளக்கம் கூறினர்.

ஆனால் 1981இல் பெக்கர், ஷபீரோ என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இரு சாராரையும் ஒரே முறையில் சோதித்தபோது அந்த வேறுபாடு தென்படவில்லை. அழகான விளக்கம் என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. இந்த எச்சரிக்கை இன்றைக்கும் பொருந்தும். நெடுங்காலம் தியானம் பழகிய இருபது பேருடைய மூளைப் புறணி சில இடங்களில் தடித்திருப்பதாக 2005இல் பாஸ்டன் ஆய்வு ஒன்று கூறியது. எட்டு வாரப் பயிற்சியால் மூளையின் அமைப்பே மாறிவிடும் என்று பலர் அதை நீட்டிப் பேசினர். 2022இல் வெளியான பெரிய ஆய்வொன்று, எட்டு வாரத்தில் அத்தகைய மாற்றம் எதையும் காணவில்லை.

மூச்சு என்னும் கடிவாளம்

இத்தனைக்கும் நடுவே ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றிருப்பது எது? மூச்சு! மற்ற உள்ளியக்கங்களைப் போல அது தானாகவும் நடக்கிறது. கை கால்களைப் போல நம் விருப்பப்படியும் நடக்கிறது. இரண்டு நாடுகளுக்கும் பொதுவான எல்லைக் கதவு அது.

மீண்டும் உங்கள் நாடியில் விரலை வையுங்கள். அடக்காமல், இறுக்காமல், மெதுவாக மூச்சை இழுத்து மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரைவதையும் விடும்போது தணிவதையும், குறிப்பாக இளைஞர்கள், உணர முடியும். மூச்சை விடும்போது வேகஸ் நரம்பின் கடிவாளம் இதயத்தை இறுகப் பிடிக்கிறது. கட்டளைக்கு அசையாத இதயம் மூச்சுக்கு அசைகிறது!

2001இல் இத்தாலியில் பெர்னார்டி குழுவினர் 23 பேரைக் கிறித்தவ செபமாலையையும் ஒரு பௌத்த மந்திரத்தையும் மாறி மாறிச் சொல்லச் செய்தனர். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. குருதி அழுத்தத்தில் இயல்பாகவே பத்து விநாடிக்கு ஒரு தடவை எழும் அலையோடு அது இசைந்து, இதயத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயலை வலுப்படுத்தியது. மதம் வேறு, மொழி வேறு. மூச்சின் கணக்கு ஒன்று.

பாடநூலில் என்ன திருத்தலாம்?

ஆக, பாடநூல் பொய்யாகவில்லை. இதயம் நேரடிக் கட்டளைக்கு உட்படாததுதான். ஆனால் 'உட்படாதது' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'நேரடியாக' என்று ஒரு சொல்லை நாம் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். யோகத்தின் எட்டுப் படிகளில் இருக்கையும் மூச்சும் மனத்துக்கு முன்னால் வைக்கப்பட்டது ஏன் என்பதும் இப்போது விளங்கும். அரசனைப் பிடிக்க நினைத்தவர்கள் முதலில் வாயிற்காவலனோடு நட்புக் கொண்டார்கள்.

இன்னும் ஒன்று. இதயம் நின்றதா என்று தேடி அலைந்தவர்கள் பதஞ்சலியின் மூன்றாம் அதிகாரத்தைக் கவனித்திருந்தால் ஒரு செய்தியைக் கண்டிருப்பார்கள். சித்திகள் எனப்படும் அரிய ஆற்றல்களை அவர் வரிசையாக எடுத்துக் கூறுகிறார். கூறிவிட்டு, உலகியல் நோக்கில் அவை ஆற்றல்களாகத் தோன்றினாலும் சமாதிக்கு அவை இடையூறுகளே என்கிறார். நாடியை மறைத்துக் காட்டிக் கைத்தட்டல் வாங்கும் மனம், அந்தக் கைத்தட்டலுக்கே அடிமையாகிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நாளை உங்கள் ஊருக்கு ஒருவர் வந்து இதயத்தை நிறுத்திக் காட்டுகிறேன் என்றால், போய்ப் பாருங்கள். ஒரு மின்வரைவியையும் உடன் கொண்டு செல்லுங்கள். திரும்பி வந்து, தேர்வுக்கு முந்தைய இரவில் படபடக்கும் உங்கள் சொந்த நெஞ்சோடு பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, மெல்ல மூச்சு விட்டுப் பாருங்கள். மனத்தை அடக்கும் வித்தையில் சோதித்து அறியத்தக்க பகுதி அங்கேதான் தொடங்குகிறது.